பாவு பிணைக்கிற நாள்

(தென்னேரியில் மாணவர்களும் நெசவாளர் குடும்பத்தினரும் கூடியிருந்த ஒரு மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நான் வந்ததிலிருந்து என் காலடியில் இருக்கும் துணிப்பையையே சில பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பரிசு எதுவும் கொண்டுவரவில்லை. பேச்சை முடிக்கும்போது திறந்து காட்டுகிறேன். அதுவரை யாரும் எழுந்து போகமாட்டீர்கள் என்பதும் என் கணக்கில் உண்டு.

வாழ்நாளில் ஒருவர் வேலை மாறலாமா, எந்த வேலையைத் தன் தொழில் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று பேசச் சொன்னார்கள். அழைப்பிதழில் அதைச் சுருக்கிக் 'கேரியர்' என்று போட்டுவிட்டார்கள். நான் சிறுவனாக இருந்தபோது எங்களுக்குத் தெரிந்த கேரியர் இரண்டுதான். ஒன்று சைக்கிளுக்குப் பின்னால் இருப்பது. நெய்து முடித்த சேலையை வேட்டித் துணியில் சுற்றி அதில் வைத்துக் கட்டிக்கொண்டு அப்பா காஞ்சிபுரம் போவார். மற்றொன்று சாப்பாடு எடுத்துப்போகிற அடுக்கு. மூன்றாவதாக ஒரு கேரியர் உண்டு என்று பள்ளிக்கூடத்தில்கூட யாரும் சொல்லவில்லை.

ஆங்கிலத்தில் சுமக்கிற கேரியரும் தொழிலைக் குறிக்கிற கேரியரும் வேறு வேறு சொற்கள். ஆனால் வேரைத் தோண்டிக்கொண்டே போனால், இரண்டுமே லத்தீனில் வண்டியைக் குறிக்கும் 'கர்ருஸ்' என்ற சொல்லில் போய் நிற்கின்றன. சுமந்து செல்வது ஒரு கிளையாகப் பிரிந்தது. வண்டி போகும் தடம் இன்னொரு கிளையாகப் பிரிந்தது. தடத்தைக் குறித்த அந்தச் சொல்தான் காலப்போக்கில் மனிதர்களின் தொழில்வாழ்க்கைக்கு வந்து சேர்ந்தது.

வண்டி என்றதும் தென்னேரிக்காரர்களுக்கு ஒருவர் நினைவுக்கு வர வேண்டும். இந்த ஏரிக்குத் திரையனேரி என்று பெயர் இருந்தது, அதுவே தென்னேரி ஆயிற்று என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். திரையன் என்பது தொண்டைமான் இளந்திரையன், பெரும்பாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவன். கச்சியை ஆண்ட அவன் பாட்டும் பாடியிருக்கிறான். புறநானூற்றில் 185-ஆம் பாட்டு அவனுடையது. அதில் நாடாளுவதை வண்டியோட்டுவதற்கு ஒப்பிடுகிறான். ஓட்டுகிறவன் கைதேர்ந்தவனாக இருந்தால் வண்டி வழியோடு போகும், இல்லாவிட்டால் சேற்றில் இறங்கும் என்பது அதன் கருத்து. சிம்மாசனத்தில் இருந்தவனே பதவியை வண்டியாகப் பார்த்திருக்கிறான். ஓட்டத் தெரிவதுதான் அவனுக்குப் பெரிதாகப் பட்டிருக்கிறது.

இதை நம் பேச்சுவழக்கும் கண்டுவைத்திருக்கிறது. 'பையனுக்கு வேலை கிடைச்சிருக்கு' என்கிறோம். 'தொழில் கிடைச்சிருக்கு' என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? தொழிலைக் 'கத்துக்கிட்டான்' என்றுதான் சொல்வோம். உத்தியோகம் பார்ப்போம். பிழைப்பு ஏதோ ஓடும். வேலை போய்விடும். தொழில் மட்டும் 'கையில் இருக்கு' என்போம். வேலையைக் கொடுப்பவர் இன்னொருவர். ஆகவே திரும்ப எடுத்துக்கொள்ளவும் அவரால் முடியும். கற்றதை யாரும் வாங்கிக்கொள்ள முடியாது.

சங்கப் புலவர்களின் பெயர்களைப் பாருங்கள். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். அறுவை என்றால் துணி, நம்ம சரக்குதான். கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் தானியம் விற்றவர். மருத்துவன் தாமோதரனார் வைத்தியர். வயிற்றுப்பாட்டுக்குச் செய்தது பெயருக்கு முன்னால் நிற்கிறது. ஆனால் அவர்களை நமக்கு அடையாளம் காட்டுவது வேறொன்று. துணிக்கடையில் உட்கார்ந்திருந்தவருக்கும் பாட்டு எழுதியவருக்கும் நடுவில் எதுவும் அறுபடவில்லை.

சரி, எது அறுபடாமல் இருந்தால் வேலை தொழிலாகிறது? இதற்கு என் கதையையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

பத்து வயதில் அப்பாவின் தறியில் பக்கத்தில் உட்கார்ந்தேன். இங்கே உள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம். குறுக்கு இழையைக் கொண்டுபோகிற நாடா மூன்று ஓடும். ஒருவரால் ஆகாது. கரை நாடாவைத் தள்ளப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். இதை நினைத்து உருகிப் பேச எனக்கு விருப்பமில்லை. அந்த வயதில் நான் செய்தது வேலையும் இல்லை, தொழிலும் இல்லை. வீட்டில் வாங்கியிருந்த முன்பணத்துக்கு வட்டி. அன்றைக்குக் காஞ்சிபுரத்தைச் சுற்றி எத்தனையோ வீடுகளில் அந்த இடத்தில் பிள்ளைகள்தான் உட்கார்ந்தார்கள். இப்போது உட்காரப் பிள்ளைகள் இல்லை, கோர்வை குறைகிறது என்று வருத்தப்படுகிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பதால் ஒரு கலை குறைகிறது என்றால், அதற்குப் பெரியவர்கள் வேறு வழிதான் தேட வேண்டும்.

ஆனால் அந்த இடத்தில் என் கண்ணுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. பாவில், அதாவது தறியில் நீளவாட்டில் ஓடும் இழைகளில், ஒன்று அறுந்தால், அவற்றை ஏற்றி இறக்கும் விழுதில் ஓர் இழை விட்டுப்போனால், துணியில் மயிரிழை அளவுக்கு ஒரு கோடு ஓடும். அதை அப்பா பார்ப்பதற்குள் நான் பார்த்துவிட வேண்டும். பார்க்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை விடுங்கள்.

பிறகு ஒரு பட்டுக் கடையில் கணக்கு எழுதினேன். அதன் பிறகு ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை. ஈய எழுத்தைக் கையால் கோத்து அச்சடித்த காலம். முதல் வாரம் முதலாளி ஒரு கல்யாணப் பத்திரிகையின் மெய்ப்பைக் கொடுத்தார். ஏற்கெனவே இரண்டு பேர் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டது. நான் எடுத்த எடுப்பில் ஒரு சொல்லில் ஓர் ஒற்று விட்டுப்போயிருப்பதைக் காட்டினேன். 'எங்கய்யா கத்துக்கிட்டே?' என்று கேட்டார். தறியில் என்று சொன்னால் சிரிப்பார் என்று சும்மா இருந்துவிட்டேன். உண்மை அதுதான். விட்டுப்போன இழையைத் தேடிய அதே கண்தான் விட்டுப்போன எழுத்தையும் தேடியது.

ஆஃப்செட் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது, அச்சகத்தை மூடினார்கள். கடைசி இரண்டு மாதச் சம்பளம் இன்றைக்கு வரைக்கும் வரவில்லை. அப்போது எனக்கு முப்பத்துநாலு வயது. அஞ்சல் வழியில் வாங்கிய பட்டம் ஒன்று பெட்டியில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு பி.எட். படிக்கப் போனேன். பிறகு இருபத்துமூன்று வருடம் தமிழாசிரியர்.

தறியையும் சேர்த்தால் நாலு வேலை. ஊரில் 'ஒண்ணுலயும் நிலைக்காதவன்' என்று பேர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏன் என்று சொல்ல, ஒரு பாவு தீரும் இடத்துக்கு உங்களை அழைத்துப்போக வேண்டும்.

ஒரு பாவில் பெரும்பாலும் மூன்று சேலை நெய்வார்கள். மூன்றாவது சேலை முடிந்ததும் அனுபவமில்லாதவர் நினைப்பார், மிச்சம் இருக்கும் இழையையும் நெய்துவிடலாமே, பட்டு என்ன விலை விற்கிறது என்று. நெசவாளி அப்படிச் செய்யமாட்டார். இழைகளைச் சீப்புப்போலப் பிரித்து நிறுத்தும் அச்சிலும், விழுதிலும் கோத்த இழைகளின் நுனி தறியிலேயே நிற்கும்படி விட்டுத்தான் சேலையை அறுப்பார். புதுப் பாவு வந்ததும், பிணைக்கிறவர் தறிக்குப் பின்னால் உட்காருவார். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொள்வார். பழைய இழை ஒன்று, புது இழை ஒன்று, இரண்டையும் சேர்த்து ஒரு முறுக்கு. அடுத்தது. அடுத்தது. இப்படி ஆயிரக்கணக்கில். எல்லாம் முடிந்து மெல்ல இழுத்தால் பழைய நுனியைப் பிடித்துக்கொண்டே புதுப் பாவு விழுதுக்குள் நுழைந்து, அச்சுக்குள் நுழைந்து முன்னால் வரும். நுனியை விடாமல் அறுத்திருந்தால்? ஒவ்வோர் இழையையும் முதலிலிருந்து கோக்க வேண்டும். அந்தப் பாட்டைப் பட்டவர்கள் இங்கே இருக்கிறீர்கள், தலையாட்டுகிறீர்கள்.

முந்தானைக்கு வேறு நிறம் வேண்டும் என்றாலும் இதே கதைதான். உடல் பாவின் இழைகளோடு முந்தானைப் பாவின் இழைகளைச் சேர்த்து, இரண்டும் சேர்ந்தாற்போலக் கொஞ்சம் நெய்து, அப்புறம் பழைய நிறத்தை வெட்டுவார்கள். அந்த இடம் சற்றுத் தடித்து, கை வைத்தால் தெரியும். விவரம் தெரிந்தவர்கள் கடையில் அந்த இடத்தைத்தான் தடவிப் பார்ப்பார்கள்.

வேலை மாறுவதும் எனக்கு இப்படித்தான் தெரிகிறது. போன வேலையில் கற்ற ஏதோ ஒன்று அடுத்த வேலைக்குள் நுழைந்து முன்னால் வந்தால் அது தொழில்வாழ்க்கை. நிறம் மாறலாம், சேலை ஒன்றுதான். ஒன்றுமே நுழையவில்லை என்றால், ஒரே நாற்காலியில் முப்பது வருடம் உட்கார்ந்திருந்தாலும் அது பிழைப்புதான்.

இதற்குப் பெரிய சாட்சி நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறார். 1909-இல் காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் ஒரு குழந்தை பிறந்தது. 'தொத்தா' என்று அவர் அழைத்த இராசாமணி அம்மையார் வளர்த்தார். பள்ளிப் படிப்புக்குப் பிறகு வீட்டு நிலைமையால் காஞ்சிபுரம் நகராட்சியில் கொஞ்ச காலம் எழுத்தர். அப்புறம் பச்சையப்பன் கல்லூரி, 1934-இல் பி.ஏ. ஆனர்ஸ். சென்னையில் கொஞ்ச காலம் பள்ளி ஆசிரியர். பிறகு 'ஜஸ்டிஸ்', 'விடுதலை' என்று பத்திரிகைப் பணி. 1942-இல் காஞ்சிபுரத்திலிருந்து சொந்தமாகத் 'திராவிட நாடு'. நாடகம் எழுதினார், நடித்தார். 1949-இல் 'நல்லதம்பி', 'வேலைக்காரி' என்று சினிமாவுக்கும் எழுதினார். அதே ஆண்டு கட்சி தொடங்கினார். 1957-இல் காஞ்சிபுரம் சட்டமன்ற உறுப்பினர், 1962-இல் இதே காஞ்சிபுரத்தில் தோல்வி, 1967-இல் முதலமைச்சர். அண்ணாவைத்தான் சொல்கிறேன். ஆண்டுக்கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் இவரும் ஒண்ணுலயும் நிலைக்காதவர்தான்! ஆனால் வகுப்பறை, பத்திரிகை, மேடை, திரை, சட்டமன்றம் எல்லாவற்றிலும் ஊடாக ஓடியது ஒரே பாவு: கேட்பவர் மனதில் ஏறும்படி சொல்வது.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832-இல் பிறந்த சி.வை. தாமோதரம் பிள்ளையும் அப்படித்தான். ஆசிரியர், 'தினவர்த்தமானி' பத்திரிகை ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகளில் ஒருவர், அரசாங்கக் கணக்குத் துறை, கும்பகோணத்தில் வக்கீல், புதுக்கோட்டையில் நீதிபதி. சம்பளப் பட்டியலில் தமிழ் நூல் பதிப்பு என்று ஒரு வரிகூட இல்லை. ஆனால் 1868-இல் தொல்காப்பியச் சேனாவரையம், 1887-இல் கலித்தொகை என்று வரிசையாக ஏட்டுச்சுவடியிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். சாட்சியத்தை ஒப்பிட்டுப் பார்க்கிற வக்கீலின் கைதான் ஏடுகளையும் ஒப்பிட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

திரும்ப அண்ணாவுக்கு வருகிறேன். 1953-ஆம் ஆண்டை இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஆண்டு ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தது. பிள்ளைகளுக்குத் தினம் மூன்று மணி நேரம் பள்ளி. மற்ற நேரம் வீட்டுத் தொழிலைக் கற்கலாம். இருக்கிற பள்ளிகளிலேயே கூடுதல் பிள்ளைகள் படிக்க முடியும் என்பது அரசு சொன்ன காரணம். 'குலக்கல்வி' என்று பெயர் வைத்துத் திராவிடர் கழகமும் அண்ணாவின் தி.மு.க.வும் எதிர்த்தன. 1954-இல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் வந்தார், திட்டம் போயிற்று.

அதே 1953-இல் இன்னொன்றும் நடந்தது. கைத்தறித் துணி விற்காமல் தேங்கி நெசவாளர்கள் பட்டினி கிடந்தார்கள். அண்ணாவும் அவர் கட்சிக்காரர்களும் கைத்தறித் துணியைத் தோளில் போட்டுத் தெருத்தெருவாக விற்றார்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நெசவாளி நெய்ததை வாங்கு என்று ஒரு குரல். நெசவாளியின் மகனைத் தறியில் கட்டிப்போடாதே என்று ஒரு குரல். ஒரே ஆளின் குரல். முரண்பாடு என்று தோன்றலாம். இல்லை. விட்டுப்போக வழி இருக்கும்போது ஒருவர் விரும்பிச் செய்தால்தான் அதற்குத் தொழில் என்று பெயர். தமிழ்நாட்டில் வேலை மாறுகிற உரிமையே ஒரு போராட்டத்தில் கிடைத்தது. இன்றைக்கு 'பேஷன்', 'ஸ்விட்ச்' என்று சுலபமாகப் பேசுகிறோம்.

இதுவரை நல்ல பக்கத்தைச் சொன்னேன். சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. பாவு பிணைக்கிற நாளில் தறி ஓடாது. கூலி சேலைக்குத்தான், பிணைப்புக்காகத் தறி நிற்கிற நாளுக்கு நெசவாளிக்கு எதுவும் வராது. அந்த நாள்களில் அடுப்பு எரிவது எப்படி?

நான் பி.எட். படித்தபோது என் மனைவி பட்டு இழைத்தார். காலையில் ராட்டை முன் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் வரை. என் தொழில்வாழ்க்கை அறுபடாமல் இருந்ததற்குக் காரணம் என் திறமை என்று மேடையில் சொல்லிக்கொள்ளலாம். வீட்டில் சொல்ல முடியாது.

எல்லோருக்கும் அப்படி ஒருவர் வாய்ப்பதில்லை. எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார். புட்டாவை அவர்போல் போட ஆள் கிடையாது. கடனுக்குத் தறியை விற்றுவிட்டு ராத்திரிக் காவல் வேலைக்குப் போனார். அவரிடம் போய் 'நுனியை விட்டு வையுங்கள் அண்ணே' என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவருடையது மாற்றம் இல்லை, அறுப்பு. 2009–10 கணக்கெடுப்பில் இந்தியாவில் கைத்தறித் தொழிலாளர்கள் 43.31 லட்சம். 2019–20-இல் 35.22 லட்சம். குறைந்த எட்டு லட்சத்தில் எத்தனை பேர் பிணைத்துக்கொண்டு போனார்கள், எத்தனை பேர் அறுத்துக்கொண்டு போனார்கள் என்று அந்த எண் சொல்லாது.

புது வேலைக்கும் இது பொருந்தும். இந்தப் பக்கம் சுங்குவார்சத்திரம், அந்தப் பக்கம் ஒரகடம், கம்பெனி பஸ் வராத ஊர் இப்போது சுற்றுவட்டாரத்தில் குறைவு. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓடத் தொடங்கியதிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக ஆலைகள். 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா. பிளஸ் டூ முடித்த எத்தனை பெண்பிள்ளைகள் சீருடை போட்டுக்கொண்டு போனார்கள்! வீட்டில் முதல் தடவையாக மாதம் பிறந்தால் சம்பளம். அதன் பெருமையை யாரும் குறைத்துப் பேச வேண்டாம். 2014-இல் ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். நவம்பரில் உற்பத்தி நின்றது. பலருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அந்த வயதில் 'ஓய்வு'! சில ஆண்டுகள் கழித்து சால்காம்ப் நிறுவனம் அந்த ஆலையை எடுத்துக்கொண்டது. கட்டடத்துக்குப் பிணைப்புக் கிடைத்தது. ஆட்களுக்கு?

இங்கே இருக்கும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். எந்த வேலையில் இருந்தாலும், இந்த மாதம் கை புதிதாக என்ன கற்றது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பதவிப் பெயரை எழுத வேண்டாம், கற்றதை எழுதுங்கள். மூன்று மாதம் எழுத எதுவும் இல்லையென்றால் அந்த வேலை உங்களிடமிருந்து வாங்குகிறது, கொடுக்கவில்லை என்று பொருள்.

தாத்தாவின் தறியை அதில் சேர்த்துக்கொள்ளக் கூச்சப்பட வேண்டாம். ஜக்கார்டு அட்டையில் துளை இருந்தால் இழை எழும், இல்லாவிட்டால் எழாது. 1804-இல் பிரான்சில் ஜக்கார்டு செய்த அந்தத் தறியின் அட்டையைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கிடும் இயந்திரத்துக்கும் துளை அட்டை வேண்டும் என்று திட்டம் போட்டார். கட்டம் போட்ட தாளில் மயிலையும் யாளியையும் எழுதி, அதை அட்டையில் துளையாக்குகிறவரின் பேரனுக்குக் கம்ப்யூட்டர் அந்நியம் இல்லை.

பெற்றோர்களுக்கு ஒன்று. வீட்டுக் கணக்கில் கல்யாணத்துக்கு ஒதுக்குகிறோம், வீடு கட்ட ஒதுக்குகிறோம். பிள்ளை ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற ஆறு மாதத்துக்கு யாரும் ஒதுக்குவதில்லை. அந்த ஆறு மாதமும் 'சும்மாதான் இருக்கான்' என்று பேசுகிறோம். பிணைக்கிறவரைப் பார்த்து அப்படிச் சொல்வோமா? ஆலையை மூடுகிறவர்களிடமும் அரசாங்கத்திடமும் நாம் கேட்க வேண்டியது இதையே. கணக்குத் தீர்ப்பது மட்டும் போதாது, பிணைப்புக்கும் கூலி வேண்டும்.

இப்போது பையைத் திறக்கிறேன்.

பார்க்கத் தெரிகிறதா? அச்சு. அப்பாவுடைய தறியில் இருந்தது. அறுபத்தெட்டு வயதில், முழங்கால் ஆகாமல், தறிக் குழியில் இறங்குவதை நிறுத்தினார். அடுத்து உட்கார யாரும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். தறியைப் பிரிக்கும்போதுதான் நான் இதைப் பார்த்தேன். பாருங்கள், இந்தப் பக்கம் தொங்குகிறதே, அரக்குச் சிவப்பு. கடைசிச் சேலையை அறுத்தபோதும் அவர் ஒரு சாண் நுனியை விட்டுத்தான் அறுத்திருக்கிறார்.

பிள்ளைகள் வரிசையாக வந்து தொட்டுப் பாருங்கள். இழையை மட்டும் இழுத்துவிடாதீர்கள்.